நடுநிலை: ஒன்று

கிறேபெல்டில், செங்கல் கோவிலில்,
பூசைக்கு முன் அப்பங்களை எண்ணுவது என் பொறுப்பு.
வந்த புதிதில் இருநூறு.
இன்று திருமதி ஹ்யூஸ்கன் வாசலை எட்டிப் பார்த்து
"நாற்பது போதும்" என்கிறா.
மழையென்றால் முப்பத்தைந்து.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் ஆலையில்
என் பக்கத்து இயந்திரம் தோர்ஸ்டனுடையது.
நீதிமன்றத்தில் இலக்கச் சீட்டெடுத்து
முப்பது யூரோ கட்டி
ஏழு நிமிடத்தில் திருச்சபையை விட்டு வெளியே வந்தவன்.
என் சம்பளச் சீட்டில் கோவில் வரிமேல் விரல் வைக்கிறான்:
"அந்த அறிக்கையை வாசித்த பிறகுமா?"

வாசித்தேன். அகராதியோடு நாலு இரவு.
ஒரு சொல்லுக்கு மட்டும் அகராதி தேவைப்படவில்லை:
மாற்றப்பட்டார்.
பக்கத்துக்குப் பக்கம், மாற்றப்பட்டார்.
எங்கள் ஊரில் சுவாமி மாறிப் போனால்
மாலை போட்டு, வாழ்த்துமடல் வாசித்து, கேக் வெட்டுவோம்.
ஆருக்கெல்லாம் கைதட்டினேனோ என்று
அன்றிரவு உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தோர்ஸ்டனுக்கு இன்னும் மறுமொழி சொல்லவில்லை.

போன மாசி, பங்குச் சபைக் கூட்டம்.
மணமுறிவுக்குப் பின் மறுமணம் செய்தோரை
நற்கருணைக்கு வெளிப்படையாய் அழைப்பதா?
ஆதரவு ஒன்பது. எதிர்ப்பு மூன்று.
நடுநிலை ஒன்று.
ரோமாபுரி ஓர் அடிக்குறிப்பு எழுதினால்
இங்குள்ளவர்கள் அதைக்கொண்டு பாலம் கட்டுகிறார்கள்,
தமிழ்ப் பூசைக்கு வரும் சுவாமி
அதே குறிப்பைக்கொண்டு மதில் கட்டுகிறார்.
எனக்கோ அது வெறும் கல்;
கையில் வைத்திருக்கிறேன், பாரமாய் இருக்கிறது.

டெல்ஃபின் என்னை விட்டுப் போய்ப் பதினாறு வருடம்.
நகரசபைக்கு அது மூடிய கோப்பு.
வரி இலாகாவுக்கு நான் முதலாம் வகுப்பு, தனியாள்.
எல்லாரும் ஒரே குரலில் "முடிஞ்சுது" என்றபோது
கிழட்டுத் திருச்சபை மட்டும்
இல்லை, நீ இன்னும் புருஷன் என்றது.
அது எனக்குச் சட்டமாய்ப் படவில்லை.
என் பேச்சை நம்பிய ஒரே சாட்சியாய்ப் பட்டது.

பிறகு மறைமாவட்ட நீதிமன்றப் படிவம் வந்தது,
முப்பத்தெட்டுக் கேள்விகளோடு.
அது திருமணமே அல்ல என்று தீர்ந்தால்
எனக்கு விடுதலை, அவளுக்கு அப்பம்.
"ஆரம்பத்திலேயே சம்மதத்தில் குறை இருந்ததா?"
இல்லை ஐயா.
இளவாலையில் அவள் 'ஓம்' என்றபோது
மைக் வேலை செய்யவில்லை,
கடைசி வாங்குக்கும் கேட்டது.
இருந்தது. அதுதானே நோவு.
படிவம் லாச்சிக்குள் கிடக்கிறது.
என் உண்மை
அவளைப் பட்டினி போட்டிருக்கிறது.

சென்ற ஞாயிறு, நான் பாத்திரம் ஏந்தி நிற்க,
வரிசையில் அவள்.
நரைத்திருந்தாள். ஈரக் கோட்.
கைகளை மார்பில் குறுக்கே வைத்திருந்தாள்:
அப்பம் வேண்டாம், ஆசீர் போதும்.
பொதுநிலையினன் ஆசீர்வதிக்கலாகாது. தெரியும்.
விதி முழுக்க என் பக்கம்.
ஒரு மனிதன் இவ்வளவு சரியாக நிற்பது
இவ்வளவு அசிங்கமாய் இருக்குமென்று
ஞானோபதேசத்தில் கேள்வியுமில்லை, விடையுமில்லை.

அப்பம் இரு விரலிடையில்.
தூக்கிய கை தூக்கியபடி நின்றது,
நீளவுமில்லை, இறங்கவுமில்லை.
அவள் குனிந்து அதை ஏற்றுக்கொண்டு நகர்ந்தாள்,
எதையென்று எனக்குத் தெரியாது.
அடுத்து நின்ற கிழவர்
ஏற்கனவே வாயைத் திறந்திருந்தார்.

விரல் கழுவினேன். பேழையைப் பூட்டுமுன் எண்ணினேன்.
வந்தவர்கள் முப்பத்திரண்டு பேர்.
எட்டு மிஞ்சவேண்டும்.
ஒன்பது இருந்தது.
மறுபடி எண்ணினேன்.