ஐம்பது கிலோ

டோலோன் கணவாய் இறக்கத்தில்
ஜானர்பெக்கின் வேனை முந்திக்கொண்டு
அதன் பின்சக்கரமே ஓடியதாம்.
"யாருடைய டயர் அது?" என்று
ஜன்னலோரப் பெண்ணொருத்தி கேட்டாளாம்.
பனிமேடு வேனைத் தாங்கிக்கொண்டது, எவருக்கும் ஒரு கீறலில்லை.
ஆனாலும் அன்றிரவு நரின் நகரத்து டிரைவர்கள் அத்தனை பேரும்
படுக்கையிலிருந்து எழுந்துபோய்
அவரவர் சக்கரத்தை உதைத்துப் பார்த்தோம்.

உதைத்தால் என்ன தெரியும்?
கைக்கணக்கு போதும் என்பார்கள் ஸ்டாண்டில்.
என் கைக்கும் கணக்கு இருக்கிறது:
காலையில் ஒன்று, பசித்தால் ஒன்று,
மைனஸ் இருபதில் வேறொன்று.

ஞாயிற்றுக்கிழமை சந்தை.
ஓமுர்பெக்கின் கண்டெய்னர் கடையில்
இரண்டு டார்க் ரெஞ்ச்.
சிவப்புப் பெட்டியில் பளபளப்பது
ஆயிரத்துத் தொள்ளாயிரம் சோம்.
துணியில் சுற்றிய பழைய ஜெர்மன்
பதினோராயிரம்;
பிடியில் நாய் கடித்ததுபோல் ஒரு தழும்பு.
பதினோராயிரம் என்றால்
மகளின் பூட்ஸ், அரை டன் நிலக்கரி,
அதற்குமேல் ஒரு வாரத்து டீசல்.

"ரெண்டும் டிக் என்றுதான் சொல்லும், அக்கா.
இது ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்குச் சொல்லும்,
அது பதினோராயிரத்துக்குச் சொல்லும்."

சொல்வது பெரிதில்லை, எப்போது சொல்கிறது?
பள்ளிக்கூடத்தில் தேறாதவள்தான் நான்.
பாரத்தையும் தூரத்தையும் பெருக்கினால் முறுக்கு,
அது மட்டும் எப்படியோ தங்கிவிட்டது.
பக்கத்துக் கண்டெய்னர் சாகினிடம்
ஐம்பது கிலோ மாவு மூட்டை இரவல் வாங்கினோம்.
வைஸில் ஒரு போல்ட்டைக் கவ்வவைத்து
ரெஞ்ச்சைப் படுக்கையாய் மாட்டி
முப்பத்தேழாவது சென்டிமீட்டரில் கயிற்றைக் கட்டினோம்.
கணக்குப்படி நூற்றெண்பதில் பேச வேண்டும்.

சிவப்புப் பெட்டிக்காரன் நூற்றெண்பதில் டிக்.
மறுபடி வைத்தோம். டிக்.
ஜெர்மன்காரன் நூற்றெண்பதில்
வாயே திறக்கவில்லை.
மூட்டை மட்டும் கயிற்றில் மெல்லச் சுற்றியது,
இந்தப் பக்கம் ஒரு சுற்று, அந்தப் பக்கம் ஒரு சுற்று.
நூற்றெழுபத்தைந்து. மௌனம்.
நூற்றெழுபதுக்கு இறக்கியபின்தான் ஒரு டிக்,
அதுவும் வேண்டாவெறுப்பாக.

ஓமுர்பெக்கின் முகம் தொங்கிவிட்டது.
"உள்ளே கிரீஸ் உறைந்திருக்கும். எட்டாயிரம் கொடுங்கள்."
நான் சிவப்புப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டேன்.
பெரிய இடத்துப் பிள்ளை பொய் சொல்லும்,
ஏழைப் பிள்ளை உண்மை சொல்லும் என்று
மனசுக்குள் ஒரு நியாயம்கூடப் பேசி முடித்தேன்.

கம்பளி வாங்க வந்த பெர்மெட்
தோளில் கொக்கித் தராசோடு
அதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.
"எல்லாம் சரி, அந்த மூட்டையை நிறுத்தீர்களா?"

நாற்பத்தேழு.

சாகின் சட்டென்று திரும்பி
இல்லாத வாடிக்கையாளரோடு பேசத் தொடங்கினான்.
நான் கையிலிருந்ததை மறுபடி மாட்டி,
வேண்டுமென்றே, இருநூறில் வைத்தேன்.
டிக்.
மூட்டைமேல் அச்சடித்த எதற்கும்
ஆமாம் போடுகிற பிறவி அது.

எட்டாயிரத்தை எண்ணி நீட்டினேன்.
"அக்கா, அது வந்து, பதினோராயிரம்..."
"எட்டு என்றது உன் வாய்தானே?"
பெர்மெட் தராசைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.
நிமிர்ந்து பார்க்கவில்லை.

இப்போது ஒவ்வொரு திங்களும்
கோச்கோர் கிளம்புமுன் இருபத்துநான்கு போல்ட்.
கவிழ்த்துப் போட்ட பால் வாளியில் உட்கார்ந்து
ஒவ்வொன்றாக இறுக்குகிறேன், பயணிகள் முனகுகிறார்கள்.
முடிந்ததும் பிடியைத் திருகி
ஸ்பிரிங்கைத் தளர்த்தித்தான் துணியில் சுற்றுவேன்.
சக்கரம் பயமில்லை. அந்த ஓசைதான்.
நாற்பத்தேழைப் பிடித்தது,
மூவாயிரத்தை விட்டுவிடுமா?

போன வாரம் ஓமுர்பெக்கிடம்
ஆயிரம் சோம் கொடுத்தேன்.
எதற்கென்று கேட்காமல்
சட்டைப்பையில் வைத்துக்கொண்டான்.
இன்னும் இரண்டு பாக்கி.