தானாக அழுந்தியது

வியாழன் இரவு, டயர் கடையின் பின்னறையில்
குறுக்கே கயிறு கட்டி
துணிக் கவ்விகளில் படங்களைத் தொங்கவிடுகிறோம்.
கதவிடுக்கில் நுழையும் நீரிணைக் காற்று
ஒவ்வொன்றையும் ஒருமுறை புரட்டுகிறது.
புந்தா அரேனாசில் எதையும்
காற்று பார்த்த பிறகுதான் மனிதர் பார்க்கிறோம்.

விதி ஒன்றுதான்.
எடுத்தவர் பேசக் கூடாது.
மற்றவர்கள் சொல்லி ஓயும்வரை
மாத்தேக் குழலை வாயில் வைத்துக்கொண்டு
உட்கார்ந்திருக்க வேண்டும்.

தனிட்சா கொண்டுவருவது ரொட்டிப் பூஞ்சை.
அவ்வளவு கிட்டத்தில் எடுக்கிறாள்,
விமானத்திலிருந்து தெரியும் தீவுகள் போல.
"பசிக்கவில்லை" என்றார் ஒவிதியோ. அதுவே அவர் விமர்சனம்.
எர்மெலிந்தா மருத்துவமனைச் சலவையறையில் வேலை செய்கிறாள்;
போர்வைகளில் சிக்கி வரும் பொத்தான்களை
ஒரு வெள்ளைத் தட்டில் வைத்து எடுக்கிறாள்.
ஒரு பொத்தானில் நூல் இன்னும் இருந்தது.
அதைப் பற்றி நெடுநேரம் பேசினோம்,
நூலைப் பற்றி மட்டும்.

நிபால்தோ பேருந்து ஓட்டுகிறார்.
அவர் படத்தில் கடல் எப்போதும்
இடப்பக்கமாக வழிந்துவிடும்.
"தொடுவானத்தை நேராக்கு" என்று
நான்கு வருடமாகச் சொல்கிறோம்.
முறை வந்ததும் அவர் சொல்வதும் நான்கு வருடமாக அதேதான்:
"அன்றைக்குக் காற்று."

என் முறை.
நான் போர்வெனீர் படகுக்குச் சீட்டுக் கிழிப்பவள்.
இரண்டு படங்கள் மாட்டியிருந்தேன்.
முதலாவதில், உடைந்த துறைக்கட்டையின் மேல் நீர்க்காகங்கள்,
ஒவ்வொரு முளைக்கும் ஒன்று,
எல்லாம் ஒரே திசை பார்த்து.
அதற்காகப் பதினோரு ஞாயிறு
ஈரக் காலுறையோடு நின்றேன்.
"அழகு" என்றாள் எர்மெலிந்தா.
பல்லில் ஏதோ சிக்கியவள் போல
நாக்கைத் துழாவிக்கொண்டு
அடுத்த கவ்விக்குப் போய்விட்டாள்.

இரண்டாவது, கயிறு வெறுமையாய்த் தெரியாமலிருக்க மாட்டியது.
கையுறையைப் பல்லால் கழற்றும்போது
மார்பில் தொங்கிய காமிரா
தானாக அழுந்தி விழுந்த படம்.
மேல்பாதி முழுக்கச் சிவப்புக் கம்பளி மங்கல்.
கீழே படகின் சரிவுப் பலகை,
தரை தொடாத ஒரு சப்பாத்து,
லாரிச் சட்டங்களின் இடுக்கில்
ஓர் ஆட்டின் ஒற்றைக் கண்.

எல்லோரும் எழுந்து வந்தார்கள்.
சிவப்பு என்றால் என்ன, ஏன் பாதி,
அந்தச் சப்பாத்து இறங்குகிறதா, ஏறுகிறதா.
ஒவிதியோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
மறுபடி பார்த்தார்.
"ஆட்டுக்குத் தெரிகிறது" என்றாள் தனிட்சா.
என்ன தெரிகிறது என்று யாரும் கேட்கவில்லை.
குழலில் தண்ணீர் தீர்ந்த பின்னும்
உறிஞ்சிக்கொண்டே இருந்தேன்.

"இப்போது நீ பேசலாம்."
"அந்தக் கண்ணுக்காகக் காத்திருந்தேன்" என்றேன்.

பொய் சூடாகத்தான் இறங்கியது.
படுக்கையில்தான் குளிர்ந்தது.

மறுநாள் அதே படகு, அதே சிவப்புக் கையுறை.
பல்லால் இழுத்தேன். அழுத்தினேன்.
மறுபடி போட்டுக்கொண்டு, மறுபடி இழுத்தேன்.
வரிசையில் நின்றவர்கள் சீட்டை நீட்டியபடி
என்னைப் பார்த்தார்கள்.
வாயெல்லாம் கம்பளி மயிர்.
நாற்பது படம்.
ஆட்டு லாரி புதன்கிழமை வந்தது;
ஓட்டுநரிடம் கெஞ்சி ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்தேன்.
கண் கிடைத்தது. சப்பாத்தும் கிடைத்தது,
என் தம்பியுடையது,
தூக்கியே வைத்திரு என்று சொல்லியிருந்தேன்.

அடுத்த வியாழன்
நாற்பதில் ஒன்றை மாட்டினேன்.
காற்று வந்து புரட்டியது.
எர்மெலிந்தா வாயைத் திறந்து மூடினாள்.
தனிட்சா ஆட்டைப் பார்க்கவேயில்லை.
டயர் கடையில் யாரோ
ஒரு சக்கரத்தை உருட்டிக்கொண்டு போனார்கள்,
அந்தச் சத்தம் முழுதாய்க் கடந்து போகும்வரை
யாரும் பேசவில்லை.

பிறகு நிபால்தோ,
பேருந்தை நிறுத்தத்தில் ஒட்டி நிறுத்துபவர் போல
மெல்லப் பக்கத்தில் வந்து
தலையை இடப்பக்கம் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்:
"ரொம்ப நேராக இருக்கிறது."