மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள்

நான் ஈ.சி.ஜி. எடுக்கிறவன்.
சயான் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம்.
தமிழ் பேசுகிறவர்கள் வந்தால் மட்டும்
பதினாலாம் அறைக்குக் கூப்பிடுவார்கள்.

அன்றைக்கு மழை. தண்டவாளத்தில் தண்ணீர்.
தாராவியிலிருந்து நனைந்தபடி முப்புடாதி,
இடுப்பில் மூன்று வயது இசக்கிராஜா.
ஒன்பது நாளாய்க் காய்ச்சல்.
மலேரியா இல்லை, டெங்கு இல்லை,
ரத்தம், மூத்திரம் எல்லாம் சுத்தம்.

"ஒண்ணுமில்லண்ணே, ஏக்கம்.
பக்கத்து ரூம் வைஷாலி இவனத் தரையிலயே விடமாட்டா.
நாசிக்குல கட்டிக் குடுத்துட்டாவ.
அவ செருப்பு கெடந்த எடத்துல
போய்ப் போய் உக்காருதான்."

என்ன சொல்கிறாள் என்றார் டாக்டர், இந்தியில்.

யாத் என்றேன்.
ஞாபகம் வந்தால் காய்ச்சல் வருமா என்றார்.
துக்கம் என்றேன்.
யார் செத்தது என்றார்.
ஆசை என்று சொல்லப்போய் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.
மிட்டாய்க் கடை முன்னால் அழுதால் ஆசை.
கடை தாண்டி, தெரு தாண்டி, பாலமும் தாண்டி
திரும்பிய கழுத்து அப்படியே நின்றுவிட்டால்
அதை இந்தியில் எப்படிச் சொல்ல?

"ஹுர்ஹுர்" என்றாள் மந்தாகினி சிஸ்டர்.
மராத்தி. யாரிடமும் சொல்லவில்லை,
ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்.
டாக்டருக்கு ஹரியானா. அதுவும் விளங்கவில்லை.
வைரல் என்று எழுதினார்.
ஒரு ஊசி, பாராசிட்டமால்.

யார் படிப்பார்கள் என்று யோசிக்காமல்
சீட்டின் ஓரத்தில் நான் அதைத் தமிழில் எழுதினேன்.
முனிசிபல் பள்ளியில் நாலாவது வரைதான் எனக்குத் தமிழ்.

முப்புடாதி எட்டிப் பார்த்தாள்.
"ஏகம்னு போட்டிருக்கிய.
நடுவுல ஒரு க் விட்டுப்போச்சு."

ஊசிக்கு அழுது ஓய்ந்து
அவள் தோளில் தூங்கியிருந்தான் பையன்.
மூச்சு சீராகப் போகும்,
ஒரு இடத்தில் இடறும்,
தொண்டைக்குள் எதையோ விழுங்கும்,
பிறகு போகும்.
"தூக்கத்துலயும் ஏங்குதான் பாருங்க."

நான் விட்டிருந்தது அந்த இடத்தை.

பேனாவை வாங்கினாள்.
எழுத்துக்கு நடுவே இடமில்லை.
மேலே எழுதி, புள்ளி வைத்து,
ஒரு கோடு இழுத்து உள்ளே சொருகினாள்.

வெளியே வரிசையில் அடுத்த பெயர்.
மந்தாகினி சிஸ்டர் நடைபாதை வரை கூடவே போய்
நாசிக்குக்கு எந்த ரயில், தாதரில் எந்த பிளாட்பாரம்
என்று மராத்தியில் சொல்லிக்கொண்டிருந்தாள்.
முப்புடாதி தமிழில் தலையாட்டினாள்.

யாரும் என்னைக் கூப்பிடவில்லை.