திரைக்குக் கீழே ஒரு வரி

கிருஷ்ணகிரி, ராயக்கோட்டை ரோடு.
செல்போன் ரிப்பேர், ரீசார்ஜ், ஜெராக்ஸ்.
சனிக்கிழமை ஒன்பதரைக்கு
ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டால்
உள்ளே அமெரிக்கா,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தேழு.
மழை. அங்கே எப்போதும் மழை.
தொப்பிக்காரன் ஒருவன் தீக்குச்சி உரசுகிறான்,
அந்த வெளிச்சத்தில்தான் தெருவே தெரிகிறது.

மாதேஷ் குனிந்து நுழைவான்,
இமையெல்லாம் கிரானைட் தூள்.
பாலிஷ் மெஷின் சத்தத்தில் மற்றவர்களுக்குக் காது போக
பத்து வருஷம் பிடிக்கும்.
இவன் பிறவியிலேயே அந்த வேலையை முடித்துவிட்டு வந்தவன்.
கலர்ப் படம் ஆகாது அவனுக்கு.
கையசைத்துச் சொல்வான்:
கலர் ரொம்பப் பேசுது.

ஆங்கில வரிகளைத் தமிழாக்கி
படத்துக்குக் கீழே ஒட்டுவது என் பாடு.
கூலி, ஒரு பொட்டலம் வேர்க்கடலை.
ஆனால் அந்தப் பேச்சு இருக்கிறதே!
சிகரெட்டை எடுக்காமலே பேசுகிறார்கள்,
வாக்கியத்துக்குள் மடக்குக்கத்தி.
கொலை நடந்தபோது நான் அங்கே இல்லை என்பதற்கு
அவர்களிடம் ஒரே ஒரு சொல் இருக்கிறது.
நமக்கு அதற்கு
ஒரு மாமன் வீட்டுக் காதுகுத்தே வேண்டும்.

புரியாத இடத்தில் நானே எழுதினேன்.
முதலில் ஒரு வரி. அப்புறம் ஒரு காட்சி.
போன மாதப் படத்தில்
படிக்கட்டில் இறங்கி வருவாளே, கறுப்புக் கையுறைக்காரி,
அவளை நிரபராதி ஆக்கிவிட்டேன்.
பழியைக் கணக்குப்பிள்ளை மேல் போட்டேன்.
இரண்டே காட்சிக்கு வருகிறவன், பாவம்,
கேட்க நாதியில்லை.

மாதேஷ் கடலைத் தோலை ஊதினான்.
எட்டி ஒரு பொத்தானைத் தட்டி
அவள் முகத்தை நிறுத்தினான்.
ஜன்னல் பலகையின் நிழல் அவள்மேல் கம்பி கம்பியாய்.
இவள்தான், என்றன விரல்கள்.
கண்ணைப் பார். எழுத்து பொய்.

எப்போதிருந்து தெரியும்?
முதல் படத்திலிருந்து.
அப்புறம் ஏன் பார்த்தே?
உன் கதையும் நல்லாத்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கடலை உரித்தான்.
பிறகு மெதுவாக, நான் தவறவிடாத வேகத்தில்:
பர்கூர்ப் பக்கம் ஒரு குவாரி.
கோவிந்தப்பா மேல் கல் தானாகச் சரியவில்லை.
தள்ளியது யாரென்று
கோர்ட்டில் இந்த இரண்டு கையும் சொன்னது.
கையைப் படித்துச் சொல்ல வந்தவர்
வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா,
'சரியாகத் தெரியவில்லை என்கிறார்' என்றார்.
அதை அவர் உதட்டிலேயே படித்தேன்.
மேஜையைத் தட்டினேன்.
சத்தம் போடாதே என்றார்கள்.
என்னை.

அந்த வாரம் கடையில் பாதி போன் அப்படியே கிடந்தது.
உட்கார்ந்து திருத்தினேன்.
கணக்குப்பிள்ளையை விடுதலை செய்தேன்.
கையுறைக்காரிக்கு அவள் குற்றத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
தெரியாத இடங்களில் மஞ்சள் எழுத்தில்
'இங்கே எனக்குப் புரியவில்லை' என்று போட்டேன்.
ஒரே படத்தில் பதினேழு தடவை.
வெட்கமாகத்தான் இருந்தது.

நேற்று வேறு படம்.
பாலத்தின் மேல் பனி.
போர் முடிந்து திரும்பியவன்
யாருடையதோ ஒரு கோட்டில்.
தோள் இரண்டு பக்கமும் தொங்குகிறது.
எதிரே நிற்கும் போலீஸ்காரரிடம்
நீளமாக என்னவோ சொல்கிறான்.
கீழே: இங்கே எனக்குப் புரியவில்லை.

மாதேஷ் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றான்.
பாதி முகத்தில் பாலம்.
கையின் நிழல் ஷட்டரில் பெரிதாய் ஏறி இறங்கியது.
பார்த்தேன். சொன்னேன்.
எழுதிக்கொள்ள ஆளில்லை.

அது படத்தில் இருந்த வசனமா
என்று நான் கேட்கவில்லை.
ரவுண்டானாவில் திரும்பிய பெங்களூர் லாரி ஒன்று
ஷட்டரை நடுங்கவைத்துப் போனது. அவன் திரும்பவில்லை.
நான் கீபோர்டை இழுத்து அடித்தேன்,
அவன் சொன்ன வரிசையில், ஒரு சொல் கூட்டாமல்.
நேரம்: ஒரு மணி, நாலு நிமிஷம், பதினோரு நொடி.
அதிலிருந்து, பதினாறு வரை.