காணவில்லை

டாக்டர் கோ திரையைத் தன் பக்கம் திருப்பினார்,
என் பக்கம் திருப்பினார்,
மறுபடி தன் பக்கம்.
ஆங்கிலத்தில் அவர் தேடிய சொல் நீளமாக இருந்தது.
தமிழில் ஒரே சொல்:
காணோம்.

சிகிச்சை வேண்டாமென்று நான் கையெழுத்திட்ட தாளைக்
கோப்பிலிருந்து எடுத்துப் பார்த்துக்கொண்டார்,
அதில் ஏதும் எழுதியிருக்குமோ என்பதுபோல்.
எப்போதாவது இப்படி ஆவதுண்டு, மிக அரிதாக.
ஏனென்று எங்களுக்குத் தெரியாது.
தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி
நான் கேட்டது அன்றுதான்.

நொவீனாவிலிருந்து ரயிலில் வரும்போது
மனத்துக்குள் ஒரு விளம்பரம் எழுதினேன்:

அளவு, ஊறிய கொண்டைக்கடலை.
நிறம், படத்தில் வெள்ளை.
கடைசியாகப் பார்த்தது மார்ச் மாதம்,
இடது நுரையீரலின் அடிப்பக்கம்.
உடன் இருவர்.
கண்டவர்கள் தெரிவிக்க வேண்டாம்.

வீட்டில் தையல் இயந்திரம் இருந்த இடத்தில்
நான்கு கால்தடம்.
அதை ரொஹானாவுக்குக் கொடுத்திருந்தேன்.
வளையல் மருமகளுக்கு.
தங்கை புஷ்பலீலாவுக்கு, இருபது வருடம் கழித்து, மன்னிப்பு.
கொடுத்ததைத் திரும்பக் கேட்க
மரியாதையான வினைச்சொல் எதுவும் இல்லை.
வளையலைப் பற்றிச் சொல்லவில்லை நான்.

என்ன சாப்பிட்டீர்கள் என்கிறார்கள்.
முள்சீத்தா இலையா, வேண்டுதலா, மூச்சுப் பயிற்சியா?
கோப்பி. பரோட்டா.
இரவில் பயம்.
குறித்துக்கொள்ள வந்தவர்கள் பேனாவை மூடிவிடுகிறார்கள்.

மின்தூக்கியில் மாடம் லிம்.
அவர் கணவர் எல்லா ஊசியும் போட்டுக்கொண்டார்,
ஒரு தேதியும் தவறவில்லை.
முடி, ருசி, நகம் என்று ஒவ்வொன்றாய்க் கொடுத்து
ஜூனில் போனார்.
புளோக்குக்குக் கீழே அந்த மூன்று இரவும்
வேர்க்கடலை உரித்தபடி உட்கார்ந்திருந்தேன்,
அடுத்தது நான் என்று.

அவருக்குத் தெரியும். மாடி முழுக்கத் தெரியும்.
என்னைப் பார்க்காமல்
என் ஒன்பதை அழுத்தினார்,
பிறகு தன் பதினொன்றை.
இறங்கும்போது சாரி என்றேன்.
எதற்கு என்று அவர் கேட்கவில்லை.

மூன்று மாதம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார் டாக்டர்.

ஏப்ரலிலிருந்து அரிசி ஒரு கிலோ பைதான் வாங்கினேன்.
நேற்று பேரங்காடியில்
பத்துக் கிலோ மூட்டைமேல் கைவைத்தேன்.
குளிர்ந்திருந்தது.
கொஞ்சநேரம் நின்றேன்.
பின்னால் யாரோ வழி கேட்டார்.
இரண்டரைக் கிலோவை எடுத்துக்கொண்டு
வரிசையில் போய் நின்றேன்.