தோளுக்குப் பின்னால்

என் வேலை எண்ணுவது.
ஹாலிஃபாக்ஸில், மீன் கிடங்குக்கு மேலே ஒரு மாடி அறை,
இரண்டு திரை, கால் பக்கம் மட்டும் சுடும் ஒரு ஹீட்டர்.
ஆட்டம் முடிந்த இரவுகளில்
ஓடியதை நிறுத்தி, நின்றதை ஓடவிட்டு
யார் எத்தனை முறை பந்தைத் தொட்டார்கள் என்று
கட்டங்களை நிரப்புவேன்.

முப்பத்து நான்காம் எண், சேயோன் குலேந்திரன்.
பத்தொன்பது வயது, பிராம்ப்டன் பையன், நடுக்களம்.
மே மாதம், வெளியூர் ஆட்டம்,
எண்பத்து மூன்றாம் நிமிடத்தில் இறக்கினார்கள்.
அறிவிப்பாளர் பெயரை இரண்டாக உடைத்து
பின்பாதியைக் காற்றுக்குக் கொடுத்துவிட்டார்.
நான்கு தொடுகை. ஒன்று தவறு.
அந்த ஒன்று
கோலானது, எங்கள் வலையில்.

விமான நிலையம் போகும் பேருந்தில்
அவனை யாரும் திட்டவில்லை.
பக்கத்து இருக்கை மட்டும் காலியாகவே வந்தது.

பத்து நாள் கழித்து மாடியேறி வந்தான்,
ரப்பர் செருப்பு, முழங்காலில் ஐஸ்.
"அக்கா, என்னட்டப் பந்து இல்லாத நேரத்தை மட்டும்
வெட்டித் தருவியளோ?"
என் மதுரைக் காதுக்கு அந்த 'வியளோ' புதிது.
கேட்ட கேள்வி அதைவிடப் புதிது.

பார்த்தோம்.
பந்து வருகிறது, இவன் பந்தையே பார்க்கிறான்,
பந்தியில் சாம்பார் வாளியைப் பார்ப்பவன் மாதிரி.
முதுகுக்குப் பின்னால் ஒருவன் பாய்ந்து வருவது
எனக்குத் தெரிகிறது,
படிக்கட்டில் பாப்கார்ன் விற்பவனுக்குத் தெரிகிறது.
"சரியான மடையன் நான்" என்றான்.
மறுபடி போடச் சொன்னான்.

அன்று ஒரு கட்டம் கூட்டினேன்:
பந்து வந்து சேருமுன் பத்து விநாடியில்
எத்தனை முறை தோளுக்குப் பின்னால் பார்த்தான்.
ஜூனில் ஒன்று.
ஜூலையில், செயற்கைப் புல் தொடையை உரித்த மழை ஆட்டத்தில், மூன்று.
அடுத்த வாரம் மறுபடி ஒன்று. பெஞ்சு.

ஞாயிறுகளில் அப்பா அழைப்பார்,
சட்பரிக்கு அப்பால் எங்கோ ட்ரக்கை நிறுத்தி.
"கோல் ஏதும் அடிச்சனியோ?"
"இல்லையப்பா."
"பிறகென்ன செய்தனீ இவ்வளவு நேரமும்?"
பதிலுக்கு என் முகத்தைப் பார்ப்பான்.
என்னிடமும் எண்கள்தான் இருந்தன.

ஆகஸ்ட்.
துறைமுகத்து மூடுபனி பாதி மைதானத்தைத் தின்ற மாலை.
இடது தோள், வலது தோள், மறுபடி இடது.
பந்து வந்தது.
தொடுவதுபோல் குனிந்து
தொடாமல் விட்டான்,
இரு கால்களுக்கும் இடையே.
அவனை நம்பி இரண்டு பேர் பாய்ந்தார்கள்.
பந்தோ அவர்களைத் தாண்டி,
பனிக்குள்ளிருந்து ஓடிவந்த ஒருவனின் காலுக்குப் போனது.

கோல், ஒன்பதாம் எண்.
உதவி, ஆறாம் எண்.
முப்பத்து நான்கு: சுழி.

இரவு ஒரு மணிக்கு அந்தச் சுழியின் மேல் கையை வைத்துக்கொண்டிருந்தேன்.
அழிக்க முடியாது, தொடவில்லை அவன், அது உண்மை.
கட்டத்துக்கு மஞ்சள் பூசினேன்.
காலையில் பயிற்சியாளர், "இதென்ன மஞ்சள்?"
ஓட்டிக் காட்டினேன்.
இன்னொரு தடவை, என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.

ஒப்பந்தத்தை நீட்டுவார்களா,
நவம்பர் முடிவுக்குள் சொல்வார்களாம்.
மூன்று பேருக்கு ஒரு வாணலி உள்ள வீட்டில்
இவனுடைய பெட்டி இன்னும் பாதி திறந்தே கிடக்கிறது.

நேற்று கடையில் பார்த்தேன்.
பாலுக்குக் கை நீட்டுமுன்
இடது தோள், வலது தோள்.
இரண்டு, என்று மனசுக்குள் குறித்துக்கொண்டு
வெங்காயக் குவியலுக்குப் பின்னால் நின்றேன்.

திரும்பாமலே சொன்னான்:
"அக்கா, அந்தப் பையை எடுக்காதேங்கோ.
அடியில அழுகல்."