பூத்த உளி

முதலில் ரத்தம் வரவில்லை.
அதை வைத்துத்தான் ஏமாந்தோம்.

பள்ளத்தூரில் ஒரு வீட்டின் இரண்டாம் கட்டு.
உத்தரத்தைப் பிரிக்க நாலு நாள் ஒப்பந்தம்.
பர்மாத் தேக்கு வழிவிட்டாலும்
ஆணி விடுவதாயில்லை.
சேவுகன் உளியைப் பிடித்திருந்தான்.
சம்மட்டி என் கையில்.
அடிவாங்கி அடிவாங்கி உளித்தலை
விளிம்பு மடிந்து பூத்திருந்தது.
பட்டறையில் கொடுத்துத் தேய்க்கணும் என்று
அவன் என்னிடம் சொன்னான், நான் அவனிடம் சொன்னேன்.

பதினோராவது அடியோ பன்னிரண்டாவதோ,
'தூசி' என்றான்.
சிமிட்டினான். சிரிக்கக்கூடச் செய்தான்.
நான் இன்னும் மூன்று அடி போட்டேன்.

ராக்கு முந்தானை நுனியைத் திரித்து
எச்சில் தொட்டுக்கொண்டு வந்தாள்.
குண்டானில் முகத்தை முக்கி
விழியை உருட்டு என்றார் கணக்குப்பிள்ளை.
பிள்ளைத்தாய்ச்சி ஒருத்தி பால் விட்டால்
கரைந்துவிடும் என்றார்கள்.
பக்கத்துத் தெருவில் ஒருத்தி கிடைத்தாள்.
இரும்பு கரையுமா என்று
ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.
நானும் தேய்த்துவிட்டேன், பெருவிரலால்,
மெதுவாகத்தான்.

சாயங்காலம் கூலி வாங்கும்போது
இரண்டு நோட்டை நாலு என்று எண்ணினான்.
'கருப்பு நூல் ஒண்ணு நீந்துதுடா,
பிடிக்கப்போனா நகருது.'
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
கருமணி வட்டமாய் இல்லை.
ஒரு பக்கமாய் இழுத்துக்கொண்டு,
சொட்டப்போகும் எண்ணெய்த்துளி மாதிரி.

காரைக்குடியில் டாக்டர் போயிருந்தார்.
நர்ஸ் பிலோமினாள் டீ குடித்த காகிதக் கப்பை
அடியோடு வெட்டிக் கண்ணின் மேல் கவிழ்த்து
நெற்றிக்கும் கன்னத்துக்கும் பிளாஸ்திரி போட்டாள்.
'தேய்க்கக்கூடாது. கழுவக்கூடாது.
துணியால ஒத்தக்கூடாது. எதையும் ஊத்தக்கூடாது.
பச்சைத்தண்ணி கூட குடிக்காம மதுரைக்குப் போங்க.'
அன்றைக்கு நாங்கள் செய்ததெல்லாம்
வரிசையாக அவள் வாயிலிருந்து வந்தது.

பிள்ளையார்பட்டி, திருப்பத்தூர், மேலூர்.
ஒவ்வொரு வேகத்தடைக்கும்
கப்பைத் தொடாமல், கப்பைச் சுற்றி
கையைக் குவித்துக்கொண்டான்,
காற்றில் விளக்கைக் கொண்டுபோகிறவனைப்போல.

'இரும்பு மேல இரும்பு அடிச்சீங்களா?'
டாக்டர் கேட்ட முதல் கேள்வி.
கதவில் ஒட்டியிருந்தது:
உடலில் இரும்பு உள்ளவர்கள் காந்த ஸ்கேன் அறைக்குள் வரவேண்டாம்.
வேறு படம் எடுத்தார்கள்.
கறுப்பு உருண்டைக்குள்
வெள்ளையாய் ஒரு புள்ளி,
வந்த வாசலை மூடிக்கொண்டு
பின்சுவரில் சாய்ந்திருந்தது.

இரண்டு ஆபரேஷன்.
எடுத்ததைச் சின்னக் குப்பியில் போட்டுக் கொடுத்தார்கள்.
அடைக்கி ஜன்னல் வெளிச்சத்தில்
அதைத் திருப்பித் திருப்பித் தேடினாள்.
எள்ளில் கால்வாசி.
'இம்புட்டுக்கா?' என்றாள்
புருஷனிடம் இல்லை, என்னிடம்.

ஊரில் சேவுகன் கண்ணில்
பூ விழுந்துவிட்டது என்கிறார்கள்.
எங்கிருந்து உதிர்ந்த பூ என்று
எனக்கல்லவா தெரியும்.

கண்ணாடி ஒன்று இருந்தது.
கான்ட்ராக்டர் வாங்கித் தந்தது, ஒன்றே ஒன்று,
கீறல் விழுந்து வேர்வையில் மங்குவது.
ஆளுக்கொரு நாள் போட்டுக்கொள்வோம்.
விசாரிக்க வந்தவர்களிடம் சேவுகன் சொன்னான்:
'அன்னைக்கு அவன் முறை.'
அன்றைக்குப் புதன்கிழமை.
செவ்வாய்க்கிழமையும் நான்தான் போட்டிருந்தேன்.

இப்போது வேலையில்லாத மதியங்களில்
புதுவயல் ரோட்டு டீக்கடையில் உட்காருகிறோம்.
அவனுக்குத் தூரம் பிடிபடுவதில்லை.
கிளாஸை எடுக்க நீட்டிய கை
ஒரு சாண் முன்னாலேயே மூடிக்கொள்கிறது.
அவன் கை வந்து நிற்கிற இடத்துக்கு
நான் கிளாஸைத் தள்ளிவைக்கிறேன்.
'இன்னைக்கு சரியாப் பிடிச்சேன் பாரு' என்கிறான்.
ஆமாம் என்கிறேன்,
குனிந்து டீயை ஊதிக்கொண்டே.